மேடைக்கு வராத ஐந்தாவது ஆள்

எழுபதுகளின் முடிவில், ஓர் ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, பதுளையில் நடந்தது இது. எதையும் வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும். படவரைஞராக வேலை பார்க்கிறேன். வீடு வரைந்தாலும் பாலம் வரைந்தாலும், எது முதலில் எது பிறகு என்று குறித்துக்கொண்ட பிறகுதான் பேனாவை எடுப்பேன். அன்று நடந்ததையும் அப்படியே தருகிறேன்.

1. பல வருடங்களுக்கு முன் கலைந்துபோன ஒரு பாட்டுக் குழு, பதுளையில் ஒரு படமாளிகையில் மறுபடி ஒன்று சேர்ந்து பாடியது.

2. எனக்கும் அக்காவுக்கும் டிக்கட் எடுத்தேன். அக்கா வரவில்லை.

3. மேடைக்கு ஐந்து பேர் வர வேண்டும். நாலு பேர்தான் வந்தார்கள்.

4. வராத ஆளைத் தேடிக்கொண்டிருந்ததில், நான் இத்தனை வருடம் காத்திருந்த பாட்டுகளில் பாதி என் காதில் விழவே இல்லை.

5. முடிந்ததும் பசறை பஸ் ஏறி அக்காவிடம் போனேன்.

6. போகும்போது இருந்ததை விடப் பெரிய பொறாமையோடு திரும்பி வந்தேன்.

இனி விவரமாகச் சொல்கிறேன்.

குழுவின் பெயர் வேண்டாம். அந்தக் காலத்துக் குழுக்கள் எல்லாவற்றையும் போல அவர்களும் ஓர் ஆங்கிலப் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் எல்லோரும் எங்கள் ஊவா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பையன்கள். எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு தமிழில் பாடினார்கள். ரொக் என்பார்களே, அந்த அதிரடி. கொழும்புக் குழுக்களின் பாட்டில் கடற்கரை வரும், காதலி வருவாள். இவர்கள் பாட்டில் மூடுபனி வரும், பஸ் வரும், காலில் அட்டை கடிக்கும். அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு மலைப் பாதையில் தனியே நடந்து வருகிற ஒருவனைப் பற்றியது. நடுவில் கிட்டார் நிற்கும், டிரம்ஸ் நிற்கும், புல்லாங்குழல் மட்டும் தனியாக எழும்பும். ரேடியோவில் அந்த இடம் வந்தால் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பேச்சு தானாக நின்றுவிடும்.

குழு அதிக நாள் நிலைக்கவில்லை. இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தோட்டத்துச் சனங்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், பாடுகிறவரின் குடும்பத்துக்கும் முறை வந்தது. அவர் கப்பலேறியதும் மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கமாய்ப் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரே ஓர் இசைத்தட்டு.

ஆனால் அவர்கள் பதுளையில் முதன்முதலாக மேடை ஏறிய அன்றே என் அக்கா அவர்களைப் பார்த்துவிட்டாள். என் பொறாமை அங்கே தொடங்குகிறது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் பசறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். நான் அப்போது சின்னப் பிள்ளை. ஒரு கார்த்திகை மாதம் கிளாக்கர் குடும்பம் அந்த நிகழ்ச்சிக்குக் காரில் புறப்பட்டபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவும் போனாள். அதற்காக அவளுக்கு ஒரு கவுன்கூடக் கொடுத்தார்கள். அவள் போவதை நான் லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார் வளைவில் மறையும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு வருடக்கணக்காக அக்கா அந்தக் கதையை வைத்தே என்னிடம் வேலை வாங்கினாள். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தால் பாட்டுக்காரர் கதை. விறகு பொறுக்கி வந்தால் டிரம்ஸ்காரர் கதை. தலை வாரும்போது அசையாமல் இருந்தால், எல்லாவற்றையும் விடப் பெரியது, புல்லாங்குழல்காரர் கதை.

அவள் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் டிரம்ஸ்காரர் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தட்டுவார். பாடுகிறவர் உச்சத்துக்குப் போகும் முன் மெல்லத் தொண்டையைச் செருமிக்கொள்வார். ஒரு பாட்டின் நடுவே கிட்டார் கம்பி அறுந்துவிட்டது. அப்படியும் நிறுத்தாமல் வாசித்து முடித்தார்கள். புல்லாங்குழல்காரர் மேடையின் இடது ஓரத்தில் நிற்பார். ஒல்லி. சுருள் முடி. சிவப்புச் சட்டை. ஊதும்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஆளைப் பற்றிச் சொல்லும்போது சீப்பு என் தலையிலேயே நின்றுவிடும். லயத்துப் பெண்கள் அவரை "ஒன் கொழல்காரரு" என்றே அக்காவிடம் சொல்லிக் கேலி செய்வார்கள். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை.

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் படித்தவள் நான். தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனவள் நான். மாதச் சம்பளமும் செருப்பும் குடையும் எனக்கு. அக்கா கொழுந்து எடுக்கப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், அதே தோட்டத்தில் இன்னொரு லயத்துக்குக் குடி போனாள். அவள் சம்பளமும் சேர்ந்துதான் என்னைப் படிக்க வைத்தது. இவ்வளவும் தெரிந்தும், அவளிடம் இருந்த அந்த ஒன்றைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கல்லூரியில் தரைப்படம் வரையப் பழகியபோது, அக்கா சொன்னதை வைத்து அந்த மேடையை அளவோடு வரைந்தேன். ஐந்து வட்டங்கள், இடது ஓர வட்டம் மட்டும் கொஞ்சம் தள்ளி. விரிவுரையாளர் இது என்னவென்று கேட்டார். கோயில் மண்டபம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் சம்பளத்தில் அந்த இசைத்தட்டைத் தேடி வாங்கினேன். பதுளையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மேல்மாடி அறையில் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர் துணிக்கடை வைத்திருந்தார். ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்று அழைக்கும், நானும் அப்படித்தான். அவருடைய ரெக்கோட் பிளேயரில்தான் தட்டைப் போட்டுக் கேட்பேன். அதில் ஒரு குறை இருந்தது. கடைசி பஸ் பாட்டில் புல்லாங்குழல் ஒரு வரி ஊதி முடித்ததும் ஒன்றுமே கேட்காமல் ஓர் இடைவெளி வரும். ஒரு மூச்சு விடுகிற அளவுக்கு. பிறகு குழல் மறுபடி தொடங்கும். தட்டு பழுது என்று நினைத்தேன். துணியால் துடைத்துப் பார்த்தேன். ஊசியை மாற்றினேன். இடைவெளி போகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சுவரொட்டி வந்தது. இந்தியாவுக்குப் போன பாட்டுக்காரர் தங்கையின் கல்யாணத்துக்காக வந்திருக்கிறார், பழைய ஆட்கள் எல்லோரும் கூடுகிறார்கள், ஞாயிறு மத்தியானம் ஒரே ஒரு நிகழ்ச்சி. அதே படமாளிகை. இரண்டு டிக்கட் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே அக்காவிடம் போனேன். அவள் டிக்கட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என் கையிலேயே வைத்துவிட்டாள்.

"நான்தான் பாத்துட்டேனே. நீ போய்ப் பாரு."

ராணி தன் பழைய சேலையைக் கொடுப்பது மாதிரி இருந்தது எனக்கு. பஸ் ஏறி வந்துவிட்டேன். மிச்ச டிக்கட்டை நானாவின் மனைவிக்குக் கொடுத்தேன். நானா தனக்கு வேறாக ஒன்று வாங்கிக்கொண்டார். அந்த முதல் நிகழ்ச்சிக்கும் தான் போனதாக அவர் சொன்னதும் அவர் மீதும் பொறாமை வந்தது. அந்த மாதம் எனக்கு யாரைப் பார்த்தாலும் பொறாமைதான்.

ஞாயிற்றுக்கிழமை படமாளிகைக்குள் நுழையவே முடியாத கூட்டம். பண்டாரவளையிலிருந்தும் எல்லயிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். மேல் வகுப்பில் கடைக்காரர்களும் உத்தியோகத்தர்களும். பின்னால் மலிவு இடத்தில் தோட்டத்துப் பையன்கள், உட்கார இடம் இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு. நாங்கள் முன்வரிசைக்கு இரண்டு மூன்று வரிசை பின்னால் இருந்தோம். நானாவின் மனைவி ஒரு பை நிறைய வறுத்த கடலை கொண்டு வந்திருந்தார்.

திரை விலகியது. ஒருவர், இருவர், மூவர், நால்வர். பாட்டுக்காரருக்குக் கண்ணாடியும் தொந்தியும் வந்திருந்தன. டிரம்ஸ்காரருக்குத் தலையில் ஒரு முடி இல்லை. இரண்டு பேர் கிட்டாரைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இடது ஓரத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. வேறு யாரும் இல்லை.

பிறகு வருவார் என்று நினைத்தேன். முக்கியமான ஆளைக் கடைசியில்தானே கூப்பிடுவார்கள். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டினார். சரி. பாட்டுக்காரர் உச்சத்துக்கு முன் தொண்டையைச் செருமினார். சரி. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே இருந்தேன், கண் மட்டும் இடது ஓரத்தை விட்டு வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கையைத் தட்டிக்கொண்டு கூடப் பாடினார்கள். எந்தப் பாட்டு முடிந்தது, எந்தப் பாட்டு தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.

கடைசி பஸ் பாட்டு வந்தது. கிட்டார் நின்றது. டிரம்ஸ் நின்றது. இடது ஓரம் காலியாகத்தான் இருந்தது. டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, கட்டைவிரல்களின் நடுவே வாயை வைத்து மைக் பக்கம் சாய்ந்து ஊதினார்.

எங்கள் மலைகளில் பொடியன்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட இப்படித்தான் ஊதுவார்கள். மாடு மேய்க்கிறவன் ஊதுவான், விறகுக்குப் போனவன் ஊதுவான். பிறந்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம். ரேடியோவிலும் தட்டிலும் நான் புல்லாங்குழல் என்று கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஒரு வரி ஊதிவிட்டு அவர் நிறுத்தினார். ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, படமாளிகையின் பக்கச் சுவரைப் பார்த்துக் காத்திருந்தார். உடனே பின்னால் மலிவு இடத்திலிருந்த பொடியன்கள் எல்லாம் கைகளைக் குவித்துப் பதிலுக்கு ஊதினார்கள். அது மண்டபமாக இல்லை, மலையாகிவிட்டது. சனங்கள் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்து நின்றேன், மறைக்கிறதே என்று.

நானாவிடம் குனிந்து, புல்லாங்குழல் ஊதுகிறவர் எங்கே என்று கேட்டேன்.

"புல்லாங்குழலா? அப்பிடி ஒத்தரும் இல்லயே தங்கச்சி. அன்டைக்கும் இவர்தான் ஊதின. இதுக்குத்தானே சனம் திரும்ப வந்திருக்கு."

அவர் கை தட்டிக்கொண்டே மீதியையும் சொன்னார். அந்த முதல் நாள் டிரம்ஸ்காரர் இப்படி ஊதியது ஒரு சின்ன வேடிக்கைக்காகத்தானாம். ஆனால் ஊதி முடித்ததும், மழைக்குள் எங்கிருந்தோ, சுவருக்கு வெளியே இருந்து யாரோ பதிலுக்கு ஊதினார்களாம். அவர் திகைத்துப் போய், சிரித்துவிட்டு, மறுபடி ஊதினாராம். மறுபடியும் பதில் வந்ததாம். மண்டபமே எழுந்து நின்றதாம். டிக்கட் கிடைக்காத எவனோ ஒரு பொடியனாக இருக்கும் என்று நானா சொன்னார். அன்றிலிருந்து எந்த மேடையானாலும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்களாம். இசைத்தட்டில்கூட விட்டு வைத்திருக்கிறார்களே, கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

கவனித்திருந்தேன். ஊசிகூட மாற்றியிருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் நானாவிடம் சொல்லிவிட்டு நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தேன். பசறை போகும் வழியில் வளைவுக்கு வளைவு ஆட்கள் என் மீது சாய்ந்தார்கள். அந்த நெரிசலிலும் மனதுக்குள் இரண்டு பத்தி போட்டுக்கொண்டேன். அக்கா சொன்னதில் சரியானவை: குச்சி தட்டுவது, தொண்டை செருமுவது. எல்லாம் காதால் கேட்பவை. தவறானவை: இடது ஓரம், ஒல்லி உடம்பு, சுருள் முடி, சிவப்புச் சட்டை. எல்லாம் கண்ணால் பார்ப்பவை. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. அக்கா மண்டபத்துக்குள் இருக்கவில்லை. வெளியே எங்கோ நின்று கேட்டிருக்கிறாள்.

ஒன்று மட்டும் எந்தப் பத்தியிலும் உட்காரவில்லை. வெளியே நின்றவளுக்கு அந்தப் பதில் ஊதல் மற்ற எல்லோரையும் விட நன்றாகக் கேட்டிருக்க வேண்டும். அதை ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? அதைப் பற்றி அப்போது நான் அதிகம் கவலைப்படவில்லை. எனக்குள் சந்தோஷம் ஊறிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் இல்லாத ஒன்றுக்காகப் பொறாமைப்பட்டிருக்கிறேன். இப்போது பார்த்தவள் நான், பார்க்காதவள் அவள். அவளிடம் சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அக்கா வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் காம்பராப் பெண்கள் இரண்டு மூன்று பேர் எனக்காகவே காத்திருந்தது போல் எழுந்து வந்தார்கள். அக்காவின் கதையை என்னைப் போலவே மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அவர்கள்.

"இந்தா, நேருல பாத்தவ வந்துட்டா. இனி ஒங்கக்கா கத செல்லாது" என்றாள் ஒருத்தி. "சொல்லு புள்ள, கொழல்காரரு எப்படி இருக்காரு? தொப்ப போட்டிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் சுளகு நின்றுவிட்டது. அவள் கழுத்தோரம் சிவந்து வருவதைப் பார்த்தேன். நான் சொல்லி வைத்திருந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அப்படி ஒரு ஆளே கிடையாது, அக்கா உள்ளே போனதே கிடையாது. இரண்டு வாக்கியம். இந்த லயத்தில் அவளுக்கு இருந்த பெருமை அதோடு தீர்ந்துவிடும்.

"நாலு பேருதான் வந்தாங்க. அவரு வரல" என்றேன்.

பொய் இல்லை. ஆனாலும் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான்.

"கப்பலேறியிருப்பாரு" என்றாள் இன்னொருத்தி.

"பாட்டுக்காரரு வர முடிஞ்சிச்சு, இவருக்கு முடியலையாக்கும். எந்தக் கேம்புல கெடக்குறாரோ."

"சுங்கத்துல அந்தக் கொழலயாச்சும் விட்டிருப்பானுங்களா?"

இல்லாத ஒருவருக்காக மூன்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய தம்பி முந்தின வருடம்தான் போயிருந்தான். அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அக்கா உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்தாள். நான் பின்னாலேயே போனேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் பாக்கலன்னு தெரிஞ்சிருச்சா?"

"நீ உள்ளேயே போகலதானே அக்கா."

"போனேன்டி. ஒக்காரவும் செஞ்சேன். தெர வெலகுறதுக்கு முன்னாடியே டிரம்ஸ் அடிச்சாங்க, பாப்பா வீல்னு கத்துனான். கிளாக்கரம்மா திரும்பி ஒரு பார்வ பாத்தாங்க. அவ்வளவுதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். படமாளிகைக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு. வெறும் சோடாப் போத்தல் பெட்டிகள். மழை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டி மீது உட்கார்ந்திருந்தாளாம். மேலே காற்றுக்கு வைத்த ஓட்டைகளின் வழியாகப் பாட்டு முழுவதும் கேட்டதாம். குழந்தையும் அழ, அவளும் அழுதாளாம். திடீரென்று உள்ளே எல்லாம் அடங்கி அந்த ஊதல் மட்டும் வந்தபோது குழந்தை வாயை மூடிக்கொண்டது. ஊதல் நின்றதும் மறுபடி அழ வாயைத் திறந்தது. உள்ளே அவ்வளவு அமைதியாக இருக்கும்போது இவன் கத்தினால் கிளாக்கரம்மா என்ன செய்வாளோ என்ற பயத்தில், வீட்டில் யாரும் இல்லாதபோது அவனை அமர்த்தச் செய்வதையே அங்கேயும் செய்தாளாம். கைகளைக் குவித்து ஊதியிருக்கிறாள்.

"நான் ஊதுனேன். உள்ளேருந்து பதில் வந்துச்சு. இன்னொருக்கா ஊதுனேன். இன்னொருக்கா வந்துச்சு. அப்புறம் உள்ள கை தட்டுனாங்க. அந்தாளுக்குத் தட்டுறாங்கன்னு நெனச்சேன்."

தேத்தண்ணிக் கோப்பை என் கையில் இருந்தது. குடிக்க மறந்துவிட்டேன். அந்தச் சத்தம் நம் பொடியன்கள் ஊதுவதுதான் என்று உனக்கே தெரியவில்லையா என்று கேட்டேன்.

"அப்படித்தான் இருந்துச்சு. ஆனா டிக்கட் வாங்கி, பவுடர் போட்டு வந்து ஒக்காந்திருக்கவங்களுக்கு, நம்ம பொடியனுக ஊதுறதையா ஊதிக் காட்டுவாங்க? புல்லாங்குழலாத்தான் இருக்கும்னு நெனச்சேன். கொழலு இருந்தா ஊதுறதுக்கு ஒரு ஆளு வேணும்ல. வச்சிக்கிட்டேன்."

நானும் அப்படியேதான் நினைத்தேன். கல்லூரி, தரைப்படம், ஊசி எல்லாம் இருந்தும் அப்படியேதான்.

அவள் இதை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் பெண் பிள்ளை கையைக் குவித்து ஊதினாள் என்று தெரிந்தால் அம்மா வாயில் சூடு வைத்திருப்பார். தவிர, உள்ளேயிருந்து வந்தது தனக்கான பதில்தான் என்று அவளுக்கே நிச்சயம் இல்லை. தற்செயலாக இருக்கலாம். யாரிடம் கேட்பது? அதனால்தான் கூப்பிட்டபோதும் வரவில்லை. உள்ளே வந்து பார்த்தால், அந்த ஆள் அன்று தனக்காக ஊதவில்லை என்று தெரிந்துவிடுமோ என்று பயமாம்.

நிச்சயம் என்னிடம் இருந்தது. நானா சொன்னது முழுவதும் என்னிடம் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. நான் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தேன். ஆறிப்போயிருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் குறையாது. சொன்னால், அவளிடம் இருந்த ஒன்று இரண்டாகிவிடும், நூறாகிவிடும். என்னிடம் ஒரு கிழிந்த டிக்கட் மட்டும் இருக்கும்.

சொன்னேன். அந்த ஆள் திகைத்துச் சிரித்ததை, மறுபடி அவளுக்காகவே ஊதியதை, மண்டபம் எழுந்து நின்றதை, அன்றிலிருந்து எல்லா மேடையிலும் அந்த இடத்தில் நிறுத்திக் காத்திருப்பதை. இசைத்தட்டில் இருக்கும் இடைவெளியையும் சொன்னேன்.

அக்கா எரிகிற விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்து வைத்தாள். அப்புறம் கேட்டாள்.

"அப்ப அந்தாளு டிரம்ஸா?"

"ஆமா."

"சுருள் முடி இருக்கா?"

"முடியே இல்ல."

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரித்தேன். அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தச் சுருள் முடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பசறையில் ஒரு மருந்துக்கடையில் நின்றவனின் முடியாம். மச்சானிடம் சொல்லிவிடாதே என்றாள். வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த மச்சான் என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கைகளைக் குவித்து மெதுவாக ஒரு வரி ஊதினாள். எதிர் மலையில் எவனோ ஒரு பொடியன் உடனே பதிலுக்கு ஊதினான்.

முன்பக்கத்திலிருந்து ஒரு குரல், பெண்கள் இருக்கிற இடத்தில் ஊதுகிற பொடியன் யாரடா என்று திட்டியது.

நானும் கைகளைக் குவித்து ஊதிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. அக்கா என் விரல்களைப் பிடித்து மாற்றி வைத்தாள். அப்போதும் காற்றுதான்.

இப்போது நிலவரம் இது. குழு மறுபடி கலைந்துவிட்டது. பாட்டுக்காரர் கல்யாணம் முடிந்து இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். லயத்துப் பெண்கள் இன்னும் குழல்காரருக்கு இந்தியாவில் ஒரு வேலை கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அக்காவும் நானும் மறுத்துப் பேசுவதில்லை. அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவளிடம் ரெக்கோட் பிளேயர் கிடையாது. இசைத்தட்டு என்னிடம்தான் இருக்கிறது, கீறல் இல்லாமல். கடைசி பஸ் பாட்டைப் போட்டு, அந்த இடைவெளி வரும்போது நான் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன். அவர்களை நேரில் பார்த்தவள் நான். ஆனால் அவர்கள் பாட்டை நிறுத்தி இன்றுவரை காத்திருப்பது அவளுக்காக. பொறாமை இன்னும் போகவில்லை.